காயத்தின் சாட்சி

காயமுற்ற ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும்போது இரண்டு கேள்விகள் அவருடன் கூடவே வருகின்றன. இக்காயத்தை எவ்வாறு ஆற்றுவது என்பது ஒன்று. இக்காயம் எவ்வாறு உண்டாயிற்று என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு மருத்துவம் விடை தேடுகின்றது. இரண்டாவதற்கு நீதிமன்று விடை தேடுகின்றது. மருத்துவர் அன்றே தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றார். நீதிமன்றோ பல மாதங்களுக்கு, சில வேளைகளிற் பல ஆண்டுகளுக்குப் பின்னரே தன் கேள்வியைக் கையில் எடுக்கின்றது. அதற்குள் புண் ஆறிவிடும். இரத்தந் தோய்ந்த உடை எறியப்பட்டிருக்கும். கண்டவர் கண்டதை மறந்திருப்பர்.

இவ்விரு கேள்விகளுக்கும் இடையே முதல் மணி நேரத்தில் நிற்பவர் தாதியே. உடையைக் களைபவர் அவர்; புண்ணைக் கழுவுபவர் அவர்; வலியின் நடுவே நோயாளி சொல்லும் முதல் வார்த்தைகளைக் கேட்பவரும் பெரும்பாலும் அவரே. அவர் அறியாமற் செய்யும் ஒரு சிறு செயலால் உண்மை அழிந்து போகலாம். அறிந்து செய்யும் ஒரு சிறு செயலால் அது பிழைத்துக்கொள்ளலாம். இந்த அறிவை முறையாகக் கற்பிக்கும் துறையொன்று கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகில் வளர்ந்துள்ளது. சட்ட வைத்தியம் என்று நம்மவர் நெடுங்காலமாக அறிந்த துறையை ஒட்டி, இதனைச் சட்டத் தாதியம் என்று கூறலாம்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து பணிவிடை செய்பவனையும் ஒரு கூறாக எண்ணினார். அந்தக் கூறு இன்று நீதிக்கும் துணைநிற்கும் வரலாற்றையும், அதற்கென நாடுகள் கூடி வகுத்துள்ள நியதிகளையும் இங்கு ஆராய்வோம்.

தேவையிற் பிறந்த துறை

1970-களில் அமெரிக்க நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் ஓர் அவலம் வழக்கமாகவே நிகழ்ந்து வந்தது. வன்புணர்ச்சிக்கு ஆளான பெண் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், உயிராபத்தான நோயாளரையெல்லாம் கவனித்த பின்னரே அவளைக் கவனிப்பர். பல மணி நேரம் அவள் காத்திருப்பாள். சான்று கெட்டுவிடும் என்ற அச்சத்தால் அவள் முகங் கழுவவோ, எதையும் அருந்தவோ, மலசல கூடத்துக்குப் போகவோ கூடாது. இறுதியில் வரும் மருத்துவர் இத்தகைய பரிசோதனையிற் பயிற்சி பெற்றவராயிருப்பதும் அரிது. நீதிமன்றிலிருந்து அழைப்பாணை வருமே என்று தயங்கியவரும் உண்டு.

இந்த அவலத்தைத் தாதியர் கண்ணெதிரே கண்டனர். பொஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் 1972-ஆம் ஆண்டு, மனநோய்த் தாதியாகிய ஆன் பேர்ஜஸ் அம்மையாரும் சமூகவியல் அறிஞராகிய லிண்டா ஹோம்ஸ்ட்ரம் அம்மையாரும், இவ்வாறு வந்து சேர்ந்த பெண்களை நேரிற் கண்டு பேசி ஆராயத் தொடங்கினர். இக்கொடுமை உள்ளத்தில் ஏற்படுத்தும் பாதிப்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை 1974-ஆம் ஆண்டு அவர்கள் எடுத்துக்காட்டினர். சிரித்தாள், அமைதியாக இருந்தாள், உடனே முறையிடவில்லை. ஆகவே அவள் சொல்வது பொய் என்று வாதிட்டவர்களுக்கு அது தக்க மறுமொழியாயிற்று.

பின்னர் 1976-இல் டெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரிலும், 1977-இல் மினியாபொலிஸ் நகரிலும், 1979-இல் ரெக்சஸ் மாநிலத்து அமரில்லோ நகரிலும் பயிற்சி பெற்ற தாதியரே இப்பரிசோதனையைச் செய்யும் ஏற்பாடுகள் தோன்றின. கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தின் மரண விசாரணைத் துறைக்குப் பொறுப்பாயிருந்த டாக்டர் ஜோன் பட், 1975-ஆம் ஆண்டு தாதியரை விசாரணை உத்தியோகத்தராக நியமித்தார். உடலையும் நோயையும் அறிந்தவர்கள், துயருற்ற குடும்பத்தாருடன் இதமாகப் பேசத் தெரிந்தவர்கள் என்பதே அவர் தாதியரைத் தெரிந்தமைக்குக் காரணம்.

சிதறிக் கிடந்த இம்முயற்சிகளுக்கு ஒரு கல்வித்துறையின் வடிவத்தைக் கொடுத்தவர் வேர்ஜினியா லிஞ்ச் என்னும் அமெரிக்கத் தாதி. ரெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் பிரிவில் 1990-ஆம் ஆண்டு அவர் சமர்ப்பித்த முதுமாணி ஆய்வு, இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. 1992-இல் மினியாபொலிஸ் நகரிற் கூடிய 70-க்கும் மேற்பட்ட தாதியர் சர்வதேசச் சட்டத் தாதியர் சங்கத்தை நிறுவினர். 1995-இல் அமெரிக்கத் தாதியர் சங்கம் இதனைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது. 1997-இல் இதன் எல்லைகளையும் நியதிகளையும் கூறும் நூல் வெளியாயிற்று. அச்சர்வதேசச் சங்கம் வகுத்துள்ள நெறியின்படி, வன்புணர்ச்சிப் பரிசோதனை செய்ய விரும்பும் தாதி குறைந்தது 40 மணி நேரப் பாடப் பயிற்சியையும், அதன்மேற் செய்முறைப் பயிற்சியையும் பெறல் வேண்டும். இதற்கான தகுதிப் பரீட்சை 2002-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது.

கடதாசிப் பையும் கண்ணியமும்

இத்தாதி அப்படி என்னதான் செய்கின்றார் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1910-ஆம் ஆண்டு பொலிஸ் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவிய எட்மன்ட் லொக்கார் என்பவர், ஒன்றோடொன்று தொடர்புறும் இரு பொருள்கள் ஒன்றின் சுவட்டை மற்றொன்றில் விட்டுச் செல்கின்றன என்ற கருத்தை வலியுறுத்தினார். தாக்கியவனின் தலைமயிரோ, தோலின் துணுக்கோ, உமிழ்நீரோ தாக்கப்பட்டவரின் உடலிலும் உடையிலும் இருக்கலாம். 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணுவின் மூலம் ஆளை அடையாளங் காணும் முறையைக் கண்டறிந்த பின்னர், கண்ணுக்குத் தெரியாத சுவடுங்கூட ஆளைச் சுட்டிக்காட்டும் சாட்சியாகிவிட்டது.

ஆனால் அச்சாட்சி மிக மென்மையானது. இரத்தந் தோய்ந்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டினால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், மரபணு சிதையும். ஆகவே அதனை உலர்த்திக் கடதாசிப் பையில் இட வேண்டும். கத்தி புகுந்த துளையின் வழியே கத்தரிக்கோலை ஓட்டிச் சட்டையை வெட்டினால், குத்திய ஆயுதத்தின் அளவு கூறும் துளை அழிந்துபோகும். துளையை விலக்கி வெட்டல் வேண்டும். உடலிலிருந்து எடுக்கும் துப்பாக்கி ரவையை உலோக இடுக்கியாற் பற்றினால், துப்பாக்கிக் குழல் அதில் இட்ட கோடுகளின்மேல் இடுக்கியின் கோடுகளும் விழும். காயத்தைப் புகைப்படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் இருத்தல் வேண்டும். நோயாளி சொன்னதைத் தாம் விளங்கிக்கொண்டவாறு எழுதாமல், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதல் வேண்டும். ஒவ்வொரு பொருளும் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில் மாறியது என்பது கையொப்பத்துடன் பதியப்படல் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதனூடாகவே நுழைந்துவிடுவார்.

இவையெல்லாம் சிகிச்சைக்கு இடையூறு அன்றோ என்ற ஐயம் எழலாம். உயிரைக் காப்பதே முதற் கடமை என்பது இத்துறையின் முதல் விதி. பல வேளைகளில் இரண்டும் ஒரே செயலாகவே அமைவதையுங் காண்கின்றோம். கழுத்து நெரிக்கப்பட்ட பெண்ணின் கழுத்தில் வெளியே ஒரு கீறலுங்கூட இல்லாதிருக்கலாம். குரல் கம்மியிருப்பதையும், விழுங்குவதில் உள்ள சிரமத்தையும், கண்ணிற் சிவந்த நுண்புள்ளிகளையும் கவனிக்கும் பயிற்சி பெற்ற தாதி, குற்றத்தின் அடையாளத்தை மட்டுமா காண்கின்றார்? பின்னர் வரக்கூடிய மரண ஆபத்தையும் அவரே முன்கூட்டி உணர்ந்துகொள்கின்றார். குழந்தையின் எலும்பு முறிவு கட்டிலிலிருந்து விழுந்ததால் ஏற்பட்டது என்று கூறப்படும்போது, முன்னரே முறிந்து ஆறிய வேறு எலும்புகளும் இருப்பதைக் கண்டால் அக்கதை நம்பத்தக்கதன்று என அறியலாம். அமெரிக்க மருத்துவரான ஹென்றி கெம்பும் அவருடைய தோழர்களும் 1962-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, இவ்வாறு அடித்து வதைக்கப்படும் குழந்தைகளை நோக்கி மருத்துவ உலகின் கண்ணைத் திறந்தது.

பொது அளவுகோல் எதற்கு?

ஒரு முழக் கோல் ஊருக்கு ஊர் வேறுபட்டால் வாணிகம் நடவாது. காயத்தை அளக்கும் சொற்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டால் நீதி நடவாது. கன்றிய தோலின் நிறத்தைப் பார்த்து, இது இத்தனை நாளைய காயம் என்று மருத்துவ நூல்கள் முற்காலத்தில் அட்டவணை போட்டுக் கூறின. அவ்வாறு திட்டமாகக் கூற முடியாதென்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. மஞ்சள் நிறம் தோன்றியிருந்தால் ஏறத்தாழ 18 மணி நேரமேனும் கடந்திருக்கும் என்று கருதலாம். அதற்கு மேற் சொல்வது ஊகமாகும். பழைய அட்டவணையை நம்பி ஒருவர் சாட்சி சொன்னால், குற்றமற்றவன் சிறை செல்லவும் குற்றவாளி தப்பவும் கூடும்.

இதனினுங் கொடியது, பெண்ணின் கன்னிமையைக் கைகொண்டு சோதிப்பதாகக் கூறும் பழக்கம். இதற்கு விஞ்ஞான அடிப்படை யாதுமில்லை என்றும், இது மனித உரிமை மீறல் என்றும் கூறி, உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகள் சபையின் வேறு இரு அமைப்புகளும் 2018-ஆம் ஆண்டு இதனை ஒழிக்குமாறு கோரின. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2013-இல் இதனைக் கண்டித்து, 2022-இல் மீண்டும் வன்மையாகத் தடுத்தது. உடலிற் காயம் இல்லாமையால் வன்புணர்ச்சி நிகழவில்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதும் இன்று சர்வதேச நியதிகள் அனைத்தும் ஒப்பும் உண்மை. உலக சுகாதார ஸ்தாபனம் 2003-ஆம் ஆண்டிலேயே இத்தகையோருக்கான மருத்துவ, சட்ட வைத்தியப் பராமரிப்புக்குரிய வழிகாட்டி நூலை வெளியிட்டு, ஒரே இடத்தில் ஒரே வேளையிற் சிகிச்சையும் சான்று சேகரிப்பும் நிகழவேண்டும் என்று அறிவுறுத்தியது.

சித்திரவதைக்கு உள்ளானோரைப் பரிசோதிப்பதற்கு இஸ்தான்புல் நெறிமுறை என்றொன்று உண்டு. 15 நாடுகளைச் சேர்ந்த 75-க்கும் மேற்பட்ட வல்லுநர் வகுத்த இந்நெறிமுறை 1999-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உயர் ஸ்தானிகரிடம் கையளிக்கப்பட்டது. 2022-இற் திருத்திய பதிப்பும் வெளிவந்தது. ஒருவர் கூறும் கதைக்கும் அவர் உடலிலுள்ள தழும்புக்கும் உள்ள பொருத்தத்தை ஐந்து படிகளாற் குறிக்கவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பொருந்தாது என்பது முதற் படி. பொருந்துகின்றது, ஆயினும் வேறு பல காரணங்களாலும் உண்டாகியிருக்கலாம் என்பது இரண்டாவது. பெரிதும் பொருந்துகின்றது, வேறு காரணங்கள் சிலவே என்பது மூன்றாவது. அவ்வகைக் கொடுமையில் வழக்கமாகக் காணப்படுவதே இது என்பது நான்காவது. வேறெவ்வகையாலும் உண்டாகியிருக்க இயலாது என்பது ஐந்தாவது.

இச்சொற்களின் எடை எத்தகையது என்பதை நம்மவர் ஒருவரின் வழக்கே காட்டும். பிரித்தானியாவிற் புகலிடங் கோரிய இலங்கைத் தமிழர் ஒருவர், தடுப்புக் காவலில் பழுக்கக் காய்ச்சிய உலோகக் கோலாற் சுடப்பட்டதாகக் கூறித் தழும்புகளைக் காட்டினார். அத்தழும்புகளை அவரே பிறரைக் கொண்டு ஏற்படுத்திக்கொண்டிருக்கலாம் அன்றோ என்ற வினா எழுந்தது. தழும்புகள் எவ்வாறு உண்டாகியிருக்கலாம் என்பது பற்றி மருத்துவ நிபுணர் எவ்வளவு தூரம் அபிப்பிராயங் கூறலாம் என்பதே வழக்கின் மையமாயிற்று. இஸ்தான்புல் நெறிமுறையை எடுத்து ஆராய்ந்த பிரித்தானிய உச்ச நீதிமன்றம், நிபுணர் தழும்பின் தோற்றத்தோடு நின்றுவிடாது, அது உண்டான விதம் பற்றியும் மாற்றுக் காரணங்கள் பற்றியும் கருத்துரைக்கலாம் என 2019-ஆம் ஆண்டு தீர்ப்பளித்து, அவருடைய கோரிக்கையைப் புதிதாக விசாரிக்குமாறு பணித்தது. உலகின் ஒரு கோடியிற் பட்ட காயத்துக்கு மறு கோடியில் நீதி தேடும் காலம் இது. இரு கோடியிலும் ஒரே அளவுகோல் இல்லையேல் அகதியின் சொல்லை நிறுப்பது எங்ஙனம்?

நாடுகளின் கூட்டுறவு

நியதிகளைக் கடதாசியில் எழுதுவது எளிது. வறிய நாட்டு ஆஸ்பத்திரியில் அவற்றை நிலைநாட்டுவது அரிது. குளிரூட்டியும் ஆய்வுகூடமும் இல்லாத இடத்தில் மரபணுச் சான்று பற்றிப் பேசுவதாற் பயன் என்ன? ஆகவே ஒரு நாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுவதாயன்றி, ஒவ்வொரு நாடும் தன் நிலைக்கேற்ப இதனை அமைத்துக்கொள்வதே உண்மையான கூட்டுறவாகும்.

தென்னாபிரிக்கா இதற்கு நல்ல உதாரணம். அங்கு 2000-ஆம் ஆண்டில் கேப் டவுன் நகரின் மானன்பேர்க் பகுதியில் தொடங்கிய துத்துசெலா நிலையங்களில் மருத்துவம், பொலிஸ், வழக்குத் தொடுநர், ஆறுதற் பணி ஆகிய அனைத்தும் ஒரு கூரையின்கீழ் உள்ளன. துத்துசெலா என்பது கோசா மொழியில் ஆறுதல் என்று பொருள்படும். அந்நாட்டிற் பயிற்சி பெற்ற தாதியரும் பரிசோதனை செய்து, நீதிமன்றுக்குரிய படிவத்தை நிரப்புகின்றனர். கொங்கோ நாட்டிலும் கென்யாவிலும் மருத்துவரும் தாதியரும், மனித உரிமைக்கான மருத்துவர் சங்கத்துடன் கூடி, கைத்தொலைபேசியிலேயே பரிசோதனைக் குறிப்பையும் புகைப்படத்தையும் பாதுகாப்பாகப் பதியும் முறையொன்றை உருவாக்கினர். மழையில் நனைந்தும் அலுவலகங்களில் தொலைந்தும் போன கடதாசிப் படிவங்களுக்கு அது மாற்றாகின்றது.

கூட்டுறவால் விளையும் தீங்கு ஒன்றும் உண்டு. போர் நிகழ்ந்த நாடுகளுக்குப் பல தேசத்து விசாரணையாளரும் பத்திரிகையாளரும் திரண்டு சென்று, துன்புற்ற ஒரே பெண்ணிடம் அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பர். ஒவ்வொரு முறையும் அவள் புண் புதிதாகும். ஒவ்வொரு கூற்றுக்கும் இடையே சிறு முரண்பாடு தோன்றி, பின்னர் அதுவே அவளுக்கு எதிராகப் பயன்படும். ஈராக்கின் யசீதி இனத்தவரும், 2018-ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான நாதியா முராட் அம்மையாரின் பெயரால் 2022-இல் வெளியான ஒழுக்கக் கோவை இதனைத் தடுக்கவே எழுந்தது. துன்புற்றவரின் சம்மதமின்றி எதுவும் செய்யலாகாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எந்நேரமும் அவருக்கு உண்டு என்பது அதன் சாரம்.

தாதி பொலிஸாரின் கையாள் அல்லர் என்பதையும் இங்கு வலியுறுத்தல் வேண்டும். உலகத் தாதியர் பேரவை 1953-ஆம் ஆண்டிலேயே தாதியருக்கான ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது. அதன் வழிநிற்கும் தாதி, குற்றஞ் சாட்டப்பட்டவன் உடலையும் அதே நேர்மையுடன் பரிசோதிப்பார். அவர் பதியும் சான்று ஒருவனைக் குற்றவாளியாக்கலாம். வீண்பழி சுமந்த வேறொருவனை விடுவிக்கவுங் கூடும். எந்தப் பக்கம் சாயும் என்று பாராது உள்ளதை உள்ளவாறு எழுதுவதிலேயே அதன் பெறுமதி தங்கியுள்ளது.

நம் இல்லங்களுக்கு

நம் நாட்டில் இத்தகைய பரிசோதனைகளைச் சட்ட வைத்திய அதிகாரிகளும் மருத்துவர்களுமே செய்து நீதிமன்றுக்கு அறிக்கை அளிக்கின்றனர். எனினும், மருத்துவர் வருமுன் நோயாளியைத் தொடுபவர் இங்கும் தாதியே. வன்முறைக்கு உள்ளானோருக்கு ஆதரவளிக்க அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்னும் பெயரில் நிலையங்கள் இயங்குகின்றன. 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் உள்ளது. இவை பயன் தருவது குடும்பங்களின் அறிவிலேயே தங்கியிருக்கின்றது.

நம் வீடுகளிற் சிறுமிக்கோ பெண்ணுக்கோ தீங்கு நேர்ந்தால், தாய் முதலிற் செய்வது என்ன? அவளை நீராட்டி, உடுத்திருந்த உடையைத் தோய்த்து, சில வேளை எரித்தும் விடுவாள். மகளின் உடலிலிருந்து அக்கொடுமையைக் கழுவிவிட வேண்டும் என்னும் அன்பும், அயலார் அறியக்கூடாது என்னும் அச்சமும் சேர்ந்து அவளை அவ்வாறு செய்விக்கின்றன. ஆனால் அந்தத் தண்ணீரோடு உண்மையும் ஓடிப்போகின்றது. பாண்டியன் அவையிற் கண்ணகியின் சிலம்பு உடைந்தபோது உள்ளிருந்த மாணிக்கம் உண்மையைச் சொல்லிற்று. சொல்லியும் கோவலன் உயிர் மீளவில்லை. சான்று இருந்தாற் போதாது; அது உரிய காலத்திற் பார்க்கப்படவும் வேண்டும்.

ஆகவே உடையை மாற்றாது, மாற்றினும் தோய்க்காது, கடதாசிப் பையில் இட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் நன்று. நீராடியாயிற்று, நாள் கடந்தாயிற்று என்று எண்ணிப் போகாது விடுதலும் தவறு. எயிட்ஸ் நோய்க்குக் காரணமான கிருமி பற்றாது தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கல் வேண்டும். முந்துமளவுக்கு நன்மை மிகும். கருத்தரியாது தடுக்கும் மருந்து 120 மணி நேரம் வரை பயன்படும். அதன் பின்னரும் உடற் காயத்துக்கும் உள்ளக் காயத்துக்கும் சிகிச்சை உண்டு. வழக்குத் தொடுப்பதா இல்லையா என்று ஆறுதலாக யோசிக்கலாம், சிகிச்சையைப் பிற்போடலாகாது.

மாணவ மாணவியருக்கும் ஒன்று கூறுவோம். மருத்துவக் கல்லூரி கிடையாதபோது இரண்டாந் தரமாகத் தெரிந்துகொள்ளும் வேலையே தாதியம் என்று நம்மிடையே பலர் எண்ணுகின்றனர். ஒரு மனிதரின் உயிரும், அவர் சொல்லின் உண்மையும் ஒரே இரவில் ஒருவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றன என்றால், அத்தொழிலை இரண்டாந் தரம் என்பது எவ்வாறு பொருந்தும்? விஞ்ஞானமும் சட்டமும் மொழியும் கருணையும் ஒருங்கே வேண்டப்படும் துறை இது. நாளை நம் ஆஸ்பத்திரிகளில் இரவுக் கடமையில் நிற்கப்போகும் தாதியருள், காயத்தின் மொழி அறிந்தவர்களும் பலர் இருத்தல் வேண்டும். அவர்கள் இன்று நம் வகுப்பறைகளிலேதான் இருக்கின்றார்கள்.